நாற்பத்திரண்டு தொட்டிகள், ஓர் அலைவரிசை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள கூட்டுக் குடிநீர்த் திட்டம் இது. ஊர்ப் பெயர்களையும் ஒப்பந்ததாரர், அலுவலர்கள் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் செய்த தவறுகளில் பாதியை அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன்.

ஆற்றோரக் கிணறுகளிலிருந்து நீரேற்றி 42 மேல்நிலைத் தொட்டிகளுக்கு அனுப்புவதுதான் திட்டம். ஊர்களுக்கு நடுவே ஒரு கரடு கிடக்கிறது. 23 தொட்டிகள் அதற்குக் கிழக்கே, 19 தொட்டிகள் மேற்கே. முன்பெல்லாம் ஒவ்வொரு ஊர் டேங்க் ஆபரேட்டரும் நீரேற்று நிலையத்துக்குக் கைபேசியில் அழைத்து, "பாதி இருக்கிறது", "நிரம்பப் போகிறது" என்று சொல்வார். அழைக்க மறந்தால் தண்ணீர் தெருவில் ஓடும். இதை மாற்றத்தான் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டிக்குள் நீர்மட்ட உணரியும் ஒரு சிறிய வானொலிக் கருவியும் இருக்கும். கரட்டின் உச்சியில் கம்பம் நட்டு மைய நிலையம் அமைத்தார்கள். தொட்டிகள் சொல்லும் மட்டம் மைய நிலையம் வழியாக நீரேற்று நிலையத்தின் திரைக்கு வரும். அதைப் பார்த்து மோட்டார் தானாக ஓடும், தானாக நிற்கும்.

அலைவரிசைக்கு உரிமக் கட்டணம் இல்லை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை. தொழில்நுட்பம் லோரா, குறைந்த திறனில் நெடுந்தொலைவுக்குச் சிறு செய்திகளை அனுப்பும் வானொலி முறை. இதில் 7 முதல் 12 வரை படிகள் உண்டு. படி ஏற ஏறச் செய்தி மெதுவாகவும் நீளமாகவும் போகும், அந்த அளவுக்குத் தொலைவும் கூடும். தொலைவில் உள்ள ஆறு தொட்டிகளுக்கு 12-ஆம் படி இல்லாமல் முடியாது. எதற்கு வம்பு என்று எல்லாப் பெட்டிகளையும் 12-லேயே வைத்துவிட்டார்கள். 20 பைட் கொண்ட ஒரு சிறு செய்தி, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 7-ஆம் படியில் 57 மில்லிவினாடியில் முடிந்துவிடும். அதே செய்திக்கு 12-ஆம் படியில் 1.32 வினாடி ஆகும். 23 மடங்கு நீளம். இந்த ஒரு எண்ணை யாராவது முதல் நாளே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் இந்த ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது.

ஒவ்வொரு பெட்டியும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் மட்டத்தைச் சொல்லும். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது, மையமும் பதில் சொல்லாது. 42 பெட்டிகளுக்கும் ஒரே அதிர்வெண். மையத்தில் இருந்த கருவிக்கு ஒரே காது. ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்ணில், ஒரு படியை மட்டுமே கேட்கும்.

முதல் அறிகுறிகள்

முதலில் நான்கு தொட்டிகளில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஒரு மாதம் பிழையே இல்லை. அடுத்து 15 தொட்டிகள். திரையில் எப்போதும் ஒன்றிரண்டு சிவப்பாக இருந்தன. சிவப்பு என்றால் தொட்டியிடமிருந்து செய்தி வரவில்லை என்று பொருள். "புதுப் பெட்டி, பழகிவிடும்" என்று விட்டுவிட்டார்கள். இயந்திரங்களும் மருமகளைப் போலப் பழகும் என்ற நம்பிக்கை நம் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியது. 42 தொட்டிகளும் இணைந்தபோது எந்த நேரம் பார்த்தாலும் பத்துப் பன்னிரண்டு சிவப்பு.

கோடையில் ஓர் இரவு, மேற்குப் பக்கத் தொட்டி ஒன்று பாதி நிரம்பிய நிலையில் திரையில் உறைந்துவிட்டது. மோட்டார் விடிய விடிய ஓடியது. அந்த ஊர்த் தெருவில் தண்ணீர் ஆறாக ஓட, அதே குழாயின் கடைசியில் இருந்த ஊருக்குச் சொட்டுகூடப் போகவில்லை. காலையில் அந்த ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் அமர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விவகாரம் மேலே போனது.

தவறான திசையில் மூன்று மாதம்

ஒப்பந்ததாரரின் இளம் பொறியாளர் சுறுசுறுப்பானவர். சிவப்பாகத் தெரியும் தொட்டிக்கு இருசக்கர வாகனத்தில் போவார், பெட்டியை அணைத்துப் போடுவார். உடனே பச்சையாகிவிடும். மாலையில் வேறு ஒன்று சிவப்பாகும். மறுநாள் அங்கே போவார். சில நேரம் அவர் போய்ச் சேர்வதற்குள் பெட்டி தானாகவே சரியாகியிருக்கும். சில பெட்டிகளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துச் சோதித்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. தனியாக வைத்தால் எல்லாமே நல்ல பெட்டிகள்.

ஒன்றிய அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு வேறு ஒரு கருத்து. கரட்டின் அடிவாரத்தில், மைய நிலையத்துக்கு மிக அருகில் இருந்த தொட்டி ஒருநாளும் சிவப்பானதில்லை. எனவே அருகில் இருப்பவை நன்றாக இருக்கின்றன, தொலைவில் இருப்பவற்றின் ஆண்டெனாவில்தான் கோளாறு என்று அவர் முடிவு கட்டினார். நியாயமான ஊகம்தான். பதினொரு தொட்டிகளில் ஆண்டெனாக் கம்பத்தை உயர்த்தினார்கள். செலவு ஆனது, சிவப்பு குறையவில்லை.

மூன்றாவது மருந்து ஒப்பந்ததாரரின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு செய்தியையும் ஐந்து வினாடி இடைவெளியில் மூன்று முறை அனுப்பும்படி மென்பொருளை மாற்றினார்கள். ஒன்று தவறினாலும் இன்னொன்று சேரும் என்பது கணக்கு. அடுத்த வாரம் சிவப்பு கூடியது.

இந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு இதில் இருந்த ஒரே தகுதி, இருபது ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி, அதாவது பொழுதுபோக்காகப் பிறரோடு பேசும் வானொலி நிலையம், வைத்திருப்பது. பலர் ஒரே அலைவரிசையில் பேசி ஒருவர் பேச்சும் யாருக்கும் புரியாமல் போவதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கிறது.

கரட்டின் மேல் ஒரு பகல்

பெட்டிகளைத் தொடவில்லை. மடிக்கணினியில் செருகும் மலிவான வானொலி ஏற்பி ஒன்றை எடுத்துக்கொண்டு இளம் பொறியாளரோடு கரடு ஏறினேன். அந்த ஏற்பி, அலைவரிசையில் நடப்பதை மேலிருந்து கீழே வழியும் படமாகத் திரையில் காட்டும். லோரா செய்தி அதில் சாய்ந்த கோடுகளாக விழும், மழைச் சாரலைப் பக்கவாட்டில் பார்ப்பது போல. ஒரு செய்தி தனியாக வந்தால் கோடுகள் சீராக இருக்கும். இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும்.

அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் பின்னல்தான் அதிகம். அதைவிட முக்கியமாக, பின்னல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று முறை அனுப்பும் மருந்தும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. முதல் முறை மோதிய இரண்டு பெட்டிகளும் ஐந்து வினாடி கழித்து மீண்டும் மோதின, இன்னொரு ஐந்து வினாடி கழித்து மூன்றாம் முறையும் மோதின. இருவரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரே இடைவெளி விட்டால் வேறு என்ன நடக்கும்? குறுகிய வாசலில் முட்டிக்கொண்ட இருவர், ஒன்றுபோல் பின்வாங்கி ஒன்றுபோல் மீண்டும் நுழைவது போலத்தான்.

பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாவதன் மர்மமும் அங்கேயே விடுபட்டது. அணைத்துப் போட்டபோது அந்தப் பெட்டியின் ஐந்து நிமிடக் கணக்கு வேறு நொடியிலிருந்து தொடங்கியது, மோதலிலிருந்து தப்பியது, அவ்வளவுதான். தானாகச் சரியானவற்றுக்கும் காரணம் இருந்தது. இரண்டு பெட்டிகளின் கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலிவான படிகங்களில் இது சாதாரணம். ஐந்து நிமிடத்தில் அவை 6 மில்லிவினாடி மட்டுமே விலகும். 1.32 வினாடிச் செய்திகள் இரண்டு ஒன்றையொன்று தொடத் தொடங்கி, முழுவதும் கடந்து போவதற்கு ஒன்றரை நாள் ஆகும். அதனால்தான் ஒரு தொட்டி ஒன்றரை நாள் செத்துக் கிடந்து பிறகு உயிர்த்தெழுந்தது.

அடிவாரத் தொட்டி ஏன் சிவப்பாகவே இல்லை? அதுவும் எல்லோரையும் போல மோதிக்கொண்டுதான் இருந்தது. மைய நிலையத்துக்கு மிக அருகில் இருந்ததால் அதன் குரல் மற்றதை அமுக்கிவிட்டது. மோதலில் வலுத்த குரல் பிழைத்துக்கொள்ளும், மெலிந்தது மட்டும் காணாமல் போகும். உதவிப் பொறியாளர் பார்த்தது உண்மை. தொலைவில் இருப்பவைதான் அதிகம் தவறின. ஆண்டெனா அதற்குக் காரணமில்லை.

இறங்கும்போது அடிவாரத் தொட்டியின் ஆபரேட்டர், அறுபது வயதுக்காரர், நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தொட்டியின் மேலிருந்து பார்த்தால் பக்கத்து இரண்டு ஊர்த் தொட்டிகளின் பெட்டி விளக்குகளும் இரவில் தெரியுமாம். "கரண்ட் போய் வந்த இரவுகளில் மூன்று விளக்கும் ஒன்றாகக் கண் சிமிட்டுகின்றன, தம்பி. நான் இவரிடம் முன்பே சொன்னேன்," என்று இளம் பொறியாளரைக் காட்டினார். "ஆமாம் ஐயா, சொன்னீர்கள். அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்," என்றார் அவர், தலையைச் சொறிந்தபடி.

பெட்டிகளுக்கு மின்கலம் இல்லை. மின்சாரம் போனால் பெட்டியும் அணையும். ஒரே மின்பாதையில் இருக்கும் தொட்டிகளுக்கு மின்சாரம் ஒரே நொடியில் திரும்பும். பத்துப் பெட்டிகள் ஒரே நொடியில் கண் விழித்து, ஒரே நொடியிலிருந்து ஐந்து நிமிடத்தை எண்ணத் தொடங்கும். மின்தடை ஒவ்வொரு முறையும் அவற்றை வரிசையாக நிறுத்தி ஒரே குரலில் கத்த வைத்திருக்கிறது. மூன்று மாதமாக நாங்கள் எல்லோரும் தேடியது அவருக்கு மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

ஹவாயில் போட்ட கணக்கு

அன்று மாலை அலுவலகத்தில் கரும்பலகை இல்லாததால் நாட்காட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். கணக்கு என்னுடையது அல்ல. 1970-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் போட்டது. ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த கல்லூரிகளை ஹோனலூலுவில் இருந்த ஒரு கணினியோடு வானொலி வழியாக இணைக்க அவர்கள் முயன்றார்கள். அலோஹா என்று பெயர். 1971 ஜூனில் இயங்கத் தொடங்கியது. எல்லா நிலையங்களும் 407.350 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில், கேட்காமல் கொள்ளாமல், செய்தி இருந்தால் உடனே அனுப்பின. மையம் 413.475-இல் பதில் சொன்னது. பதில் வராவிட்டால் ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பியது. 'தனக்குத் தோன்றிய நேரம்' என்பதில்தான் உயிர் இருக்கிறது. நம் பெட்டிகளிடம் இல்லாதது அதுதான்.

ஆப்ரம்சன் காட்டியது இது: இப்படிக் கட்டுப்பாடின்றிப் பேசினால் அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியான செய்தியாக மாறும். அந்த உச்சமும் எல்லோரும் சேர்ந்து அனுப்புவது மொத்த நேரத்தில் பாதியாக இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். அதற்கு மேல் பேசப் பேசப் போய்ச் சேர்வது குறையும். 1972-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ், நேரத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று வைத்தால் உச்சம் இரட்டிப்பாகி 36.8 சதவீதம் ஆகும் என்று காட்டினார்.

நம் கணக்கு: 42 பெட்டி, 1.32 வினாடி. ஐந்து நிமிடத்தில் 55 வினாடிப் பேச்சு, அதாவது 18.5 சதவீதம் நேரம். கேட்க அமைதியான ஊர் போலத் தெரியும். ஆனால் ஒரு செய்தி தப்ப வேண்டுமானால் அதற்கு முன் 1.32 வினாடியிலும் பின் 1.32 வினாடியிலும் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. மற்ற 41 பேரில் ஒருவராவது அந்த 2.64 வினாடிக்குள் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம். திரையில் தெரிந்த பன்னிரண்டு சிவப்பு இதுதான். நான்கு தொட்டிகள் இருந்தபோது அதே வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. வெள்ளோட்டம் ஏன் வென்றது என்று யாரும் கேட்கவே இல்லை, வென்ற காரணத்தால்.

மூன்று முறை அனுப்பியதால் பேச்சு நேரம் 55 சதவீதத்துக்கு ஏறி, ஆப்ரம்சனின் உச்சத்தைத் தாண்டிவிட்டது. இதில் எனக்கே வியப்பளித்த ஒரு விவரம் உண்டு. மூன்று செய்திகளும் தற்செயலான இடைவெளியில் போயிருந்தால்கூட, ஒவ்வொன்றும் பிழைக்கும் வாய்ப்பு 33 சதவீதமாக இறங்கியிருக்கும். மூன்றில் ஒன்றாவது சேரும் வாய்ப்பு 70 சதவீதம். ஒரே முறை அனுப்பியபோது இருந்ததும் அதே 70 சதவீதம்தான். மூன்று மடங்கு கத்தி, இருந்த இடத்திலேயே நின்றிருப்போம். சம இடைவெளியில் கத்தியதால் அதற்கும் கீழே போனோம்.

உடனடி ஒட்டு

கணக்கு புரிந்ததும் முதல் வேலையாக மும்முறை அனுப்புவதை நிறுத்தினோம். ஐந்து நிமிட இடைவெளியை ஒவ்வொரு முறையும் நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு நேரமாக மாற்றினோம். மின்சாரம் வந்தவுடன் பேசாமல், ஐந்து நிமிடத்துக்குள் ஒரு நேரத்தைத் தானே குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ளச் செய்தோம். 42 ஊர்களுக்கும் போய் மென்பொருளை ஏற்ற ஒன்பது நாள் ஆனது.

மும்முறை அனுப்பத் தொடங்கும் முன் இருந்த அளவைவிட மோதல்கள் குறையவில்லை, குறையும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. பேச்சு நேரம் அதேதானே. ஆனால் இழப்பு எல்லோருக்கும் பங்காகப் பிரிந்தது. ஒன்றரை நாள் செத்துக் கிடக்கும் தொட்டி இப்போது எதுவும் இல்லை, எல்லாத் தொட்டிகளும் அவ்வப்போது ஐந்து நிமிடம் தாமதித்தன. தொடர்ந்து மூன்று செய்தி தவறும் வாய்ப்பு நூற்றில் மூன்று. திரையைப் பார்க்கும் மனிதருக்கு இது போதும். தானாக நிற்க வேண்டிய மோட்டாருக்குப் போதாது.

கேட்டுவிட்டுப் பேசுதல்

இளம் பொறியாளருக்கு ஒரு யோசனை. பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்த்தால் என்ன? நல்ல யோசனை. நாகரிகமான மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். லோராக் கருவிகளிலும் அந்த வசதி உண்டு. தயக்கம் இருந்தாலும் பத்துப் பெட்டிகளில் முயன்று பார்க்கச் சொன்னேன். ஐந்து கிழக்கே, ஐந்து மேற்கே.

கிழக்கே இருந்தவை தங்களுக்குள் மோதுவது நன்றாகக் குறைந்தது. கிழக்குப் பெட்டியும் மேற்குப் பெட்டியும் மோதுவது சற்றும் குறையவில்லை. கரட்டின் உச்சியில் நிற்கும் மையத்துக்கு இரு பக்கமும் கேட்கும். கிழக்கே இருப்பதற்கு மேற்கே இருப்பது கேட்காது, நடுவே பாறை. "யாரும் பேசவில்லை" என்று நம்பி அது பேசத் தொடங்கும்போது, உச்சியில் ஏற்கெனவே ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருக்கும். மறைந்த நிலையங்கள் என்று இந்தச் சிக்கலுக்குப் பெயர் உண்டு; கிளைன்ராக்கும் டொபாகியும் 1975-இலேயே இதை அலசியிருக்கிறார்கள். எனக்கு விடை முன்பே தெரியும் என்று இங்கே பெருமையாக எழுதலாம்தான். ஆனால் பாறை இவ்வளவு சுத்தமாக மறைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வருகைப் பதிவேடு

மூன்று வழிகள் எஞ்சின. ஒன்று, எட்டு அலைவரிசைகளையும் எல்லாப் படிகளையும் ஒரே நேரத்தில் கேட்கும் பெரிய மையக் கருவியை வாங்குவது. நல்ல தீர்வு, ஆனால் புதிய நிதி ஒதுக்கீட்டுக்குக் கோப்பு நகர வேண்டும், அதற்குள் அடுத்த கோடை வந்துவிடும். இரண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் நேரக் கட்டம் ஒதுக்குவது. கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். முறையில் ஒவ்வொரு நிமிடமும் 2,250 கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. செயற்கைக்கோள் நேரத்தை வைத்துக்கொண்டு கப்பல்கள் தமக்குள் கட்டங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நம் பெட்டிகளுக்கு அவ்வளவு நல்ல கடிகாரம் இல்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்றால் ஒரு நாளில் 1.7 வினாடி விலகும். மையம் அடிக்கடி மணியடித்துக் கடிகாரங்களைத் திருத்த வேண்டும், மின்தடைக்குப் பின் எழும் பெட்டி மணி கேட்கும் வரை ஊமையாக இருக்க வேண்டும். முடியும், ஆனால் நுணுக்கம் அதிகம். ஒப்பந்தம் முடிந்து இளம் பொறியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது?

மூன்றாவது வழி மிகப் பழையது. மையம் ஒவ்வொரு பெட்டியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும், கூப்பிட்ட பெட்டி மட்டும் பதில் சொல்லும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. எங்கள் அமெச்சூர் வானொலிக் கூடல்களிலும் கட்டுப்பாட்டு நிலையம் ஒவ்வொருவரின் அழைப்புக் குறியையும் சொல்லிக் கூப்பிடும், கூப்பிட்டவர் மட்டும் பேசுவார். ஒருவருக்கொருவர் குரல் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. கட்டுப்பாட்டு நிலையத்துக்கு எல்லோர் குரலும், எல்லோருக்கும் அதன் குரலும் கேட்டால் போதும். கரட்டின் சிக்கலுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. பெட்டிகள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒரு குறை; மின்கலத்தில் ஓடும் கருவி என்றால் அது பெருங்குறை. இவை மின் இணைப்பில் ஓடுபவை.

கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து நேரம் இரட்டிப்பாகுமே என்று உதவிப் பொறியாளர் கேட்டார். சரியான கேள்வி. அதற்குத்தான் படிகளைத் திருத்தினோம். ஒவ்வொரு தொட்டியிலும் சமிக்ஞையை அளந்து, 24 பெட்டிகளை 9-ஆம் படிக்கும் 12 பெட்டிகளை 10-ஆம் படிக்கும் இறக்கினோம். உண்மையிலேயே தொலைவில் இருந்த ஆறு மட்டும் 12-இல் தங்கின. மையத்துக்கு ஒரே காதுதான் என்றாலும், யாரைக் கூப்பிடுகிறோம் என்று அதற்கு முன்பே தெரியும் என்பதால் அவருடைய படிக்குக் காதைத் திருப்பிக்கொள்ளும். 9-ஆம் படியில் கேள்வியும் பதிலும் சேர்ந்து 0.31 வினாடி, 10-இல் 0.62, 12-இல் 2.31. மொத்தம் 29 வினாடி. கருவிகள் திரும்பிக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் 35. முன்பு ஐந்து நிமிடத்தில் செய்ய முடியாத வேலை அரை நிமிடத்துக்குச் சற்று மேல் முடிந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தோம்.

மீதி 25 வினாடியை என்ன செய்வது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. பதில் சொல்லாதவர்களை இன்னொரு முறை கூப்பிடப் பத்து வினாடி வேண்டும். கடைசிப் பதினைந்து வினாடியை யாரையும் கூப்பிடாமல் திறந்து வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். வானொலிக் கூடலில் இரண்டு பேச்சுக்கு நடுவே சற்று இடம் விடுவோம், அவசரக்காரர் 'பிரேக்' சொல்லி உள்ளே வருவதற்காக. அதே போல, தொட்டி விளிம்பைத் தொடுகிறது என்றாலோ புதிய பெட்டி சேர வேண்டும் என்றாலோ, அந்தப் பதினைந்து வினாடிக்குள் தற்செயலான ஒரு நேரத்தில் 12-ஆம் படியில் பேசலாம். நேரம் திறந்துவிட்டதை மையம் மூன்று படிகளிலும் அறிவிக்கும். ஹவாய் முறைதான், ஒரு சிறு வேலிக்குள். அவசரம் அரிது என்பதால் அங்கே மோதலும் அரிது.

பின்னர் நடந்தது

முதல் வாரம் ஒரு புதிய தொல்லை. மின்தடையில் பத்துப் பெட்டிகள் அணைந்தபோது, மையம் ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பதிலுக்காகக் காத்து, மறுபடியும் கூப்பிட்டு, சுற்று ஒரு நிமிடத்தைத் தாண்டியது. வராத மாணவன் பெயரைச் சொல்லி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் போல. மூன்று சுற்றில் பதில் இல்லாத பெட்டியைப் பட்டியலிலிருந்து ஒதுக்கி, ஐந்து சுற்றுக்கு ஒருமுறை மட்டும் விசாரிக்கச் செய்தோம். மின்சாரம் திரும்பியதும் எழுந்த பெட்டி திறந்த நேரத்தில் தானே வந்து சேரவும் வழி இருந்தது.

அதன் பிறகு திரை பச்சையானது. ஒரே ஒரு தொட்டி மட்டும் விடாப்பிடியாகச் சிவப்பு. இந்த முறை அணைத்துப் போட்டும் மாறவில்லை. ஏறிப் பார்த்தால் ஆண்டெனாக் கம்பியை அணில் கடித்து, செப்பு வெளியே தெரிந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. மோதல்களின் இரைச்சலுக்குள் உண்மையான பழுது ஒன்று ஒளிந்துகொண்டு, மற்றவற்றோடு சேர்ந்து செத்தும் பிழைத்தும் நடித்திருக்கிறது. மைய நிலையத்துக்கு யார் பதில் சொல்லவில்லை என்பது உறுதியாகத் தெரிவதன் பயனை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். பழைய முறையில், வராத செய்தி வழியில் தொலைந்ததா, அனுப்பப்படவே இல்லையா என்று சொல்ல வழியே இருக்கவில்லை.

அடுத்த கோடையில் தொட்டி நிரம்பி வழிந்தது ஒருமுறைதான். அதற்குக் காரணம் சிக்கிக்கொண்ட வால்வு.

மறுமுறை செய்தால்

வெள்ளோட்டத்தை நான்கு தொட்டிகளில் வைத்திருக்க மாட்டேன். நான்கு ஊரில்தான் நிறுவ முடியும் என்றால், ஒவ்வொரு பெட்டியையும் பத்துப் பெட்டி போலப் பேசவிட்டுப் பார்த்திருப்பேன். ஒப்பந்தப் புள்ளியில் பெட்டியின் தரத்துக்குப் பதினான்கு நிபந்தனைகள் இருந்தன, அலைவரிசையை எல்லோரும் எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்து ஒன்பது தொட்டிகள் சேரவிருக்கின்றன. அதற்கான ஆவணத்தில் இளம் பொறியாளர் ஓர் அட்டவணையே சேர்த்திருக்கிறார்: எந்தப் பெட்டி, எந்தப் படி, எத்தனை மில்லிவினாடி, சுற்றில் எத்தனையாவது.

ஆபரேட்டர்களை முதல் நாளே உட்கார வைத்துக் கேட்டிருப்பேன். விளக்குகள் ஒன்றாகக் கண் சிமிட்டியதை ஒருவர் பார்த்துச் சொல்லியும், அதை எழுதிவைக்க ஓர் இடம் இருக்கவில்லை. இப்போது நீரேற்று நிலையத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. அதில் பெரும்பாலும் மோட்டார் சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், பரவாயில்லை.

நாங்கள் தேர்ந்த முறையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்பு மையம் செத்தாலும் பெட்டிகள் பேசிக்கொண்டாவது இருந்தன. இப்போது மையம் வாய் திறக்காவிட்டால் 42 பெட்டிகளும் மௌனம். கரட்டின் உச்சியில் தனியாக நிற்கும் கம்பம் ஐப்பசி மின்னலுக்கு நல்ல இலக்கு.  கிழக்குப் பக்கச் சரிவில் இரண்டாவது கம்பம் வைக்க மதிப்பீடு கொடுத்திருக்கிறோம். கோப்பு ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது.